பாஸ்கலின் மீசையும் நாலாவது சிலிண்டரும்

"மூணு சிலிண்டர் வேலைக்கு வருது, ஒண்ணு லீவு போட்டுகினு குந்திகினு கீது. இதான் நீ இஞ்சின் கட்ன லட்சணமாடா?"

முத்தாபுதுப்பேட்டையில் மெக்கானிக் வேம்புலியின் தகர ஷெட் அதிர்ந்தது. கத்தியவர் பாஸ்கல், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஃபோர்மேன். கம்பெனி கேட்டில் அவருடைய பாஸை யாரும் கேட்டதில்லை. மீசை முதலில் உள்ளே வரும், பின்னால் அவர் வருவார்.

அவருடைய அம்பாசடர், எண்பத்தெட்டாம் வருஷத்திலேயே இருபத்துநாலு வயதுக் கிழவி. ஒரு மாதம் ஷெட்டில் கிடந்து பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் புதிதாகப் போட்டுக்கொண்டு போன வாரம்தான் அண்ணனூர் வீட்டுக்குத் திரும்பியது. மறுநாள் காலையிலிருந்தே மிஸ்ஸிங்.

வேம்புலி ஸ்டார்ட் செய்தான். வண்டி வெண்ணெயாக ஓடியது.

"இன்னா நைனா, பாட்டு மாதிரி கீது!"

"ஆவடி வரிக்கும் இருமிகினே வந்துச்சுடா. உன் மூஞ்சியப் பாத்தா மட்டும் நடிக்குது!"

பாஸ்கலின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. வரும் திங்கட்கிழமை மகள் ஞானகுமாரிக்கு ஆவடிக் கோயிலில் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று, டெம்போவில் சோடா சப்ளை செய்யும் மைத்துனன் கிறிஸ்துராஜ் வாயைக் கிளறியிருந்தான்.

"மாமா, உன் காரு கோயில் வரிக்கும் போவுமா? இல்ல, என் சோடா டெம்போவக் கழுவி வெக்கட்டுமா?"

"என் பொண்ணு என் கார்லதான்டா கோயில்ல எறங்குவா. இல்லாட்டி இந்த மீசைய வழிச்சுடறேன்!"

சொன்னபோது சபையில் நாற்பது பேர் இருந்தார்கள்.

வேம்புலி நாலு பிளக்கையும் மாற்றினான். வண்டி பாடிக்கொண்டே வீடு போனது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் ரெண்டு சிலிண்டர் லீவு.

பாஸ்கல் சாப்பாட்டுத் தட்டை முற்றத்தில் வீசினார். மனைவி லூர்தம்மாள் அதைப் பொறுக்கி எடுத்தாள். அதிகாலைப் பூசைக்குப் போய்ச் சொம்பும் ஜெபமாலையுமாக அப்போதுதான் வந்திருந்தாள்.

"நீ ஜெபம் பண்ணா பிளக்குல நெருப்பு வந்துடுமா?"

"உங்க வாயி சும்மா இருந்தாலே வந்துடும்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை கண்டன்சர் மாறியது. வெள்ளிக்கிழமை காலை வண்டி இருமலோடு வெடிக்கவும் ஆரம்பித்தது. எதிர்வீட்டு நாய் அன்றே தெருவைக் காலி செய்தது. அன்று கார்புரேட்டர். சனிக்கிழமை காலை, இஞ்சின் உயிர் பிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது.

வேம்புலி மறுபடி இஞ்சின் ஹெட்டையே கழற்றி மாட்டினான். பானட் கொக்கி கையோடு வந்துவிட, கயிறு போட்டுக் கட்டினான்.

"அங்காளம்மா மேல சத்தியமா இஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல நைனா. உன் ஊட்டாண்டதான் இன்னாவோ கீது. வாஸ்து பாரு."

"வாஸ்தா? வண்டி ஒழுங்கா ஓடல, உன் ஷெட்டத் தகரம் தகரமா பிரிச்சு எடைக்குப் போட்ருவேன்!"

வண்டி பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை யாரும் தொடக்கூடாது என்று பாஸ்கல் உத்தரவு போட்டார்.

திங்கட்கிழமை காலை. காருக்கு ரோஜா மாலை, பின்சீட்டில் முக்காடிட்ட ஞானகுமாரி. பாஸ்கல் மீசையை முறுக்கிக்கொண்டு சாவியைத் திருகினார். மிஸ்ஸிங் இல்லை. நாலு சிலிண்டரும் ஒற்றுமையாக லீவு போட்டிருந்தன.

பதினேழு தடவை திருகினார். பேட்டரி தீர்ந்தது. பம்பரை உதைத்ததில் புது ஷூ வாய் பிளந்தது.

"அப்பா, கோயில்ல மணி அடிச்சிடுவாங்கப்பா!"

தெருமுனையில் பீப்பீ என்றது. சோடா டெம்போ, கழுவித் துடைத்துத் தயாராக.

மணப்பெண் கலர் சோடா கிரேட்டுகளுக்கு நடுவே நாற்காலியில் அமர்ந்தாள். டெம்போ புறப்பட்டது. வழியில் துலுக்கானம் சலூன் வாசலில் கிறிஸ்துராஜ் பிரேக் போட்டான்.

"ரெண்டே நிமிஷம் மாமா. நாங்க வெயிட் பண்றோம்."

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் தகப்பனார், டெம்போவிலிருந்து இறங்கிய பாஸ்கலைப் பார்த்து, "சோடாவையெல்லாம் பின்பக்கமா எறக்குப்பா" என்றார்.

பூசை முடிந்தது. பாஸ்கல் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு தூணோரமாக நின்றார். வேம்புலியை எந்த ஸ்பானரால் அடிப்பது என்று மனசுக்குள் தேர்ந்துகொண்டிருந்தார். அப்போது தீர்த்தத் தொட்டி நிரப்பும் கோயில்பிள்ளை அந்தோணிராஜ், ததும்பும் சொம்போடு லூர்தம்மாளைத் தேடி வந்தான்.

"லூர்தக்கா, வாரம் பூரா சொம்பு சொம்பா வாங்கிகினு போயி இஞ்சின் ஒயரு மேலயே ஊத்துனியே, இந்தத் தீர்த்தத்தையாவது அண்ணாத்தே ஒதட்டு மேல ஊத்து, சீக்கிரம் மொளைக்கட்டும்!"