இரவல் மூக்கு

தன் மூக்கு செத்துப்போன விஷயம் தன்னோடு சேர்ந்தே குழிக்குள் போகவேண்டும் என்று இனாஷியோ முடிவு செய்தார். அதுவரை ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது. முக்கியமாகக் கார்பிஞேவுக்குத் தெரியக்கூடாது. கார்பிஞே அவருடைய மனைவி.

சாதாரண ஆளுக்கு மூக்கு போனால் ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். இனாஷியோவுக்கு அந்த வசதி இல்லை. சான் செபாஸ்தியான் ஊரின் வாரப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடமாக 'நாக்கு சொன்னது' என்ற பத்தியை எழுதுகிறவர் அவர். எந்தக் கடையில் நெத்திலி நன்றாக இருக்கிறது, எந்த மலைப் பண்ணையில் ஆப்பிள் மது இந்த வருடம் காலை வாரிவிட்டது என்று அவர் எழுதினால் ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். போதாக்குறைக்குத் தெருக்கோடியில் இருக்கும் ஆண்கள் சமையல் சங்கத்தில் அவர்தான் தலைமைச் சமையல்காரர்.

அந்தச் சங்கத்தில் ஆண்கள்தான் சமைப்பார்கள், ஆண்கள்தான் கழுவுவார்கள். விசேஷ நாட்களில் பெண்கள் வரலாம், மேசையில் உட்காரலாம், வயிறாரச் சாப்பிடலாம். சமையலறை நிலைப்படியைத் தாண்டக்கூடாது, சமையலில் தலையிடக்கூடாது. சுவரில் எழுதிப் போட்டிருக்கிறது. இன்னொரு வழக்கமும் உண்டு. மீன் வந்து இறங்கியதும் தலைமைச் சமையல்காரர் குனிந்து மோந்து பார்த்து, "கடல்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சொன்னால்தான் அடுப்பு பற்றும். சொல்ல முடியாதவர் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வரவேண்டியதுதான். அந்தக் கரண்டிக்காக சோமின் என்கிற சிநேகிதர் பதினான்கு வருடமாகப் பூண்டு உரித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

ஜனவரித் தூறலில் மீன் சந்தைப் படியில் சறுக்கினார் இனாஷியோ. பின்மண்டையில் சரியான அடி. பத்து நாள் கழித்து டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மூக்குலேருந்து மூளைக்குப் போற நரம்பு அறுந்துபோச்சு."

"எப்ப திரும்ப வரும்?"

"விழுந்த வேகத்துக்கு நீங்க உயிரோட இருக்கறதே பெரிசு. அதை நெனைச்சு சந்தோஷப்படுங்க."

சந்தோஷப்பட முயன்றார். முடியவில்லை. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது, கசப்பு தெரிந்தது. மற்றதெல்லாம் போய்விட்டது. காப்பி வெறும் கசப்பு வெந்நீர். ரொட்டி பஞ்சு. ஆலிவ் எண்ணெய் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது, அவ்வளவுதான். ஒரு நாள் தன்னுடைய சட்டையை மோந்து பார்த்தார், கார்பிஞேவின் தலையணையை மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு வெங்காயம் ரொம்பக் காரம் என்றார். கார்பிஞே அன்றைக்கு வெங்காயமே வாங்கவில்லை.

பத்தி நிற்கக்கூடாது, கரண்டி கைமாறக்கூடாது. மனிதன் என்ன செய்வான்? பெண்டாட்டியின் மூக்கை அவளுக்கே தெரியாமல் இரவல் வாங்குவது என்று திட்டம் போட்டார்.

"கார்பிஞே, கிளம்பு. வெளியில சாப்பிடலாம்."

"யார் செத்துட்டாங்க?"

"யாரும் சாகல. சும்மாதான்."

"முப்பத்தெட்டு வருஷத்துல மூணே தடவைதான் வெளியில கூட்டிட்டுப் போயிருக்கீங்க. மூணும் சாவுச் சாப்பாடு. அதனால கேட்டேன்."

"இனிமே வாரா வாரம் போவோம்."

"டாக்டர் உங்களுக்கு ஏதாவது நாள் குறிச்சுட்டாரா?"

"ஒரு நாளும் குறிக்கல. கோட்டை மாட்டிக்கிட்டு வா."

வந்தாள். முதல் வாரம் தொலோசா ஊரில் கறுப்பு பீன்ஸ். ஒரு வாய் வைத்ததும் இனாஷியோ மேசைக்கடியில் பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"நீங்கதானே நாக்கு. என்னைக் கேக்கறீங்க?"

"உன் அபிப்பிராயம் வேணும்."

"என்னோட அபிப்பிராயமா? இன்னொரு தடவை சொல்லுங்க, காதுல சரியா விழல."

"உன்னோட அபிப்பிராயம்."

கார்பிஞே கரண்டியைக் கீழே வைத்தாள். சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் வரி விடாமல் எழுதிக்கொண்டார். அந்த வாரம் பத்திரிகையில் வந்தது இது: 'பொறுமைசாலி இந்த பீன்ஸ். முந்தின நாளே ஊறப் போட்டார்கள், காலை முழுக்கச் சிறு தீயில் வெந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் உப்பு போதவில்லை என்று மட்டும் சொன்னார்.'

அடுத்த வாரம் மலையடிவாரத்து விடுதியில் மீன் சூப்: 'ஒரு மணியிலிருந்து இந்த சூப் யாரையோ எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறது. வருகிறேன் என்றவர் நாலு மணிக்கு வந்தார், சாப்பிட்டாயிற்று என்றார். அதற்குள் மேலே ஆடை படிந்துவிட்டது.'

அதற்கடுத்த வாரம் கெதாரியாவில், கடலோரத் தணலில் சுட்ட பெரிய தட்டை மீன்: 'வெளியே பொன்னிறம். ஊரே மெச்சுகிறது. முள்ளை ஒட்டின இடம் மட்டும் வேகவே இல்லை. முப்பத்தெட்டு வருடம் தணலில் கிடந்தாலும் வேகாது.'

முப்பத்தெட்டு எதற்கு என்று இனாஷியோவுக்கு விளங்கவில்லை. படிக்க நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

பத்திரிகைக்குக் கடிதங்கள் குவிந்தன. எல்லாம் பெண்கள் எழுதியவை. சந்தையில் மீன் விற்கிற அம்மாள் ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த சூப்பைப் பத்திப் படிச்சுட்டு எங்க வீட்டுக்காரரை எழுப்பி உக்காரவெச்சு, அவருக்கும் படிச்சுக் காட்டினேன்" என்றாள். ரொட்டிக் கடையில் இரண்டு பெண்கள் அவரைப் பார்த்ததும் முந்தானை இல்லாத குறைக்குக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வயதான காலத்தில் தனக்குள் ஓர் எழுத்தாளன் பிறந்துவிட்டான் என்று இனாஷியோ நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

மார்ச்சில் ஒரு மத்தியானம், அவர் சமையலறையில் உட்கார்ந்து தன் பத்தியைத் தானே படித்துக்கொண்டிருந்தார். கடைக்குப் போயிருந்த கார்பிஞே உள்ளே வந்ததும் பையைத் தரையில் போட்டாள். அடுப்புப் பக்கம் ஓடி ஏதோ திருகினாள், இரண்டு சன்னலையும் திறந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. காத்து வரட்டும்னு."

"குளிருதே."

"குளிரட்டும்." அவர் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா உங்களுக்கு?"

"என்ன சொல்லணும்? ஞாயித்துக்கிழமை எங்கே போகலாம்?"

கார்பிஞே தரையில் சிதறிய ஆரஞ்சுகளைப் பொறுக்கினாள்.

மே மாதம் சங்கத்தின் ஆண்டு விழா. மத்தியானச் சாப்பாட்டுக்கு நாற்பது பேர், பெண்களும் உண்டு. பச்சைக் குழம்பில் கொகோச்சா. மெர்லூசா மீனின் தாடைக்கு அடியில் இருக்கிற ஒரு துண்டுச் சதை அது. மீனுக்கு ஒன்றுதான். கிடைப்பது கஷ்டம், கெடுவது சுலபம். முந்தின நாளே வாங்கிச் சங்கத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். நாலு மாதமாக இனாஷியோ வாங்கின இடத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு "கடல்" சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் அப்படியே குனிந்தார்.

"நல்லா மோந்து பாத்துச் சொல்லுப்பா" என்றார் சோமின், பூண்டு உரித்தபடியே. "காலையில நான் வந்து பாக்கறேன், ஃபிரிட்ஜ் கதவு ஆன்னு தொறந்து கிடக்கு. எவன் விட்டான்னு தெரியல."

"எவ்வளவு நேரமா?"

"யாருக்குத் தெரியும்? அதுக்குத்தானே உன் மூக்கு இருக்கு."

இனாஷியோ முகத்தைப் பாத்திரத்துக்குள்ளேயே நுழைத்தார். ஜில்லென்று ஒரு ஈரம் மூக்கு நுனியில் பட்டது. வேறொன்றும் இல்லை. வெள்ளையாக, வழவழவென்று, பார்க்க லட்சணமாக இருந்தது. லட்சணத்தை வைத்து என்ன செய்வது? இரண்டு வருடம் முன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் இப்படித்தான் ஒரு விருந்து. பதினோரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஒருவர் திரும்பி வரவில்லை. சவப்பெட்டிக்குப் பின்னால் இனாஷியோவும் நடந்திருக்கிறார். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரில் எழுபதைத் தாண்டாதவர் பத்துப் பேர்கூட இல்லை. 'கடல்' என்று சொன்னால் கொலைகாரன் ஆகலாம். சொல்லாவிட்டால் இன்றோடு ஒன்றுமே இல்லாதவன்.

பூண்டையும் சுருட்டையும் தவிர வேறு வாசனை அறியாத சோமினைக் கேட்டுப் புண்ணியமில்லை. கேட்டால் கரண்டியும் போய்விடும். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கார்பிஞே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அவளுக்குக் குரல் கம்மியிருந்தது. ஏதோ கோபத்தில் இருக்கிறாள் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"கார்பிஞே, இதைக் கொஞ்சம் பாரேன்."

"பாத்தேன். அழகா இருக்கு. கொண்டு போங்க."

"கிட்டக்க பாரு."

"சமையல்ல பொம்பளைங்க தலையிடக்கூடாதுன்னு சுவத்துல எழுதியிருக்கு. போன வருஷம் அந்த எழுத்துக்குப் பெயிண்ட் அடிச்சதே நீங்கதான்."

"ஒரு தடவை மோந்து பாரு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்" என்று காதோரம் குனிந்தார்.

கார்பிஞே காதோரம் பேசவில்லை. கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "ஏன், உங்க மூக்குக்கு என்ன?"

நாற்பது தலைகள் திரும்பின. சமையலறை வாசலில் சோமின் பூண்டும் கையுமாக வந்து நின்றார். பாத்திரம் இனாஷியோவின் கையில் கனத்தது. பெரியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எனக்கு மோப்பம் போச்சு" என்றார். "ஜனவரியிலேயே போச்சு. இனிமே வராதாம். இந்த மீன் நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல."

கார்பிஞே கைமடிப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். கண்ணைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் தனக்காக அழுது இனாஷியோ பார்த்ததில்லை. அவமானத்துக்கு நடுவிலும் நெஞ்சு உருகிவிட்டது.

"மார்ச் மாசமே எனக்குத் தெரியும்" என்றாள். "அடுப்பு அணைஞ்சு வீடு பூரா கேஸ் அடிச்சுக் கிடந்துச்சு. நடுவுல உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருந்தீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா நான் பொணத்தைத்தான் பாத்திருப்பேன். நீங்களா வாயைத் தொறந்து சொல்லுவீங்கன்னு அன்னிலேருந்து காத்துக்கிட்டிருக்கேன்."

"சூப்பு காத்திருந்த மாதிரி" என்றாள் பக்கத்தில் இருந்த சோமினின் மனைவி. பெண்கள் மேசையில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மீதிப் பேர் அடக்கவில்லை.

பீன்ஸ், சூப், வேகாத மீன் மூன்றும் அப்போதுதான் வரிசையாக இனாஷியோவுக்கு விளங்கின. தன்னைத் திட்டி, தன் கையாலேயே எழுதி, தன் பெயரைப் போட்டு, வாரா வாரம் ஊர் முழுக்க விநியோகம் செய்திருக்கிறார். உட்கார நாற்காலி தேடினார்.

கார்பிஞே பாத்திரத்தை வாங்கினாள். குனிந்தாள். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தாள்.

"தூக்கிப் போடுங்க" என்றாள்.

பெரியவர்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சோமின் தொப்பியைக் கழற்றினார். கார்பிஞே யாரையும் கேட்காமல் சமையலறை நிலைப்படியைத் தாண்டினாள், முட்டையையும் உருளைக்கிழங்கையும் எடுத்தாள். ஒருவரும் சுவரைக் காட்டவில்லை. நாற்பது பேரும் முட்டை ஆம்லெட்டைத் தின்றுவிட்டு, உயிர் பிழைத்ததற்குக் கோப்பையைத் தூக்கினார்கள். சாப்பாடு முடிவதற்குள் தீர்மானமும் போட்டாயிற்று. இனிமேல் கரண்டி சோமினுக்கு. மீன் வந்தால் மோந்து பார்த்துக் 'கடல்' சொல்லவேண்டியது கார்பிஞே. அவளைத் தவிர வேறு யார் சொன்னாலும் அடுப்பு பற்றாது.

தூறலில் வீடு திரும்பினார்கள். கரண்டியும் போயிற்று, பத்தியும் போனாற்போலத்தான். ஆனாலும் இனாஷியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

"எல்லாம் போகட்டும், கார்பிஞே. உன் மூக்கு நாப்பது பேரைக் காப்பாத்துச்சு. எனக்கு அதுகூடப் பெரிசில்ல. அத்தனை பேர் முன்னாடி எனக்காகக் கண் கலங்கினியே, அது போதும்."

கார்பிஞே நின்று, கைக்குட்டையை எடுத்து, பலமாக இரண்டு தும்மல் போட்டாள்.

"யார் அழுதா? நாலு நாளா ஜலதோஷம். எனக்குப் பூண்டு வாசனைகூடத் தெரியல."