துணைக்கால் இல்லாத வண்டி

இந்தக் கோடையில் ஒரு கார் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். சாதாரணக் கார் அல்ல. கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிட்டு, காற்று முகத்தில் அறைய, இரண்டே பேர் போகிற திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இந்த வயதில் என்ன ஆசை என்று நீங்கள் சிரிக்கலாம். ஆசை என்று யார் சொன்னது? இது விடுதலைப் போராட்டம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். பிறர் எழுத்தில் தொலைந்துபோன ஒற்றுகளைத் தேடிப் பிடித்து உரிய இடத்தில் உட்கார வைப்பது என் வேலை. என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். வாசல் அறைதான் பள்ளி. பள்ளிக்கு ஒரே வண்டி. வீட்டுக்கும் அதுவேதான். அதன் கூரைமேல் இருக்கிற பலகையில் ‘ஓட்டுனர்’ என்று றன்னகரம் போட்டிருந்ததை ‘ஓட்டுநர்’ என்று தந்நகரமாக்கிக் கொடுத்தது நான்தான். அந்தப் பள்ளிக்கு என்னால் ஆன தொண்டு அவ்வளவே.

பயிற்சி வண்டியின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவர் காலடியில் இன்னொரு பிரேக். எங்கள் தொழிலில், ‘கா’ என்று எழுதும்போது ககரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு நிற்கிறதே, அதற்குத் துணைக்கால் என்று பெயர். எங்கள் வண்டியில் துணைக்கால் என்றால் துணைவியின் கால். எழுத்தில் வரும் துணைக்கால் குறிலை நெடிலாக்கும். வண்டியில் வருவது, நெடுகப் போக நினைக்கிறவனைக் குறுக்கிவிடும்.

நான் அவளிடம்தான் ஓட்டக் கற்றேன். கற்கும்போதே காதல் வந்தது. உரிமம் வந்தது. கல்யாணமும் ஆயிற்று. பயிற்சி மட்டும் முடியவில்லை. பள்ளி வண்டியைத் தனியாக ஒருவர் கையில் விடுவது பொறுப்பாகாது என்பது அவள் கொள்கை. ‘ஒருவர்’ என்பது நான்.

மாலையில் கடைக்குப் போவோம். நேரான சாலை. ஈ காக்கை இல்லை. நான் ஒரு மன்னனைப் போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போவேன். வண்டி தானாக நின்றுவிடும்.

“இப்ப எதுக்கும்மா பிரேக்க அமுக்கின?”

“நாய்.”

“எங்க நாய்?”

“வரும்.”

வரும். கொடுமை என்னவென்றால், உண்மையிலேயே வரும். நிதானமாகச் சாலையைக் கடந்து, அவளைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டுப் போகும்.

என் காலுக்கு மட்டும் கட்டுப்படுகிற ஒரு பிரேக். வாழ்க்கையில் நான் கேட்டது இவ்வளவுதான்.

வேறு எந்தக் காரையாவது வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஆகாது. எந்தக் கார் வந்தாலும் என் மனைவி அதைப் பள்ளியில் சேர்த்துவிடுவாள். கூரைமேல் பலகை ஏறும். மேலே பலகை ஏறினால் கீழே பிரேக் முளைக்கும். ஒரு நாள் அலுவலகத்தில், சந்திப்பிழை நிறைந்த சமையல் புத்தகம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. கூரையே இல்லாவிட்டால் பலகையை எங்கே மாட்டுவாள்?

பக்கத்து மேசையில் பக்க வடிவமைப்புச் செய்கிறவரிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னேன்.

“அண்ணே, அபாரம்!” என்றார். “ஆனா அண்ணிகிட்ட எப்படிச் சொல்வீங்க?”

“சுத்தி வளைச்சு.”

“சுத்தி வளைச்சு ஓட்டறவங்கள அவங்க தினம் பாக்கறாங்களே அண்ணே.”

பொறாமை பிடித்தவர். நான் பொருட்படுத்தவில்லை.

அன்று மாலை என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தபடி ஒரு பெருமூச்சு விட்டேன். அவள் கவனிக்கவில்லை. இன்னொன்று விட்டேன்.

“என்னங்க மேலயே பாக்கறீங்க? ஃபேன் சத்தம் போடுதா?”

“வானத்தப் பாக்கறேன்.”

“அது சீலிங்.”

“அதத்தான் சொல்றேன். வீட்டுல கூரை. ஆபீஸ்ல கூரை. வண்டியில ஏறினா அங்கயும் கூரை. வானத்தப் பாத்தே எவ்வளவு நாளாச்சு!”

“மொட்டை மாடிக்குப் போங்க. காயப்போட்ட போர்வை ரெண்டு அங்கதான் இருக்கு. அப்படியே எடுத்துட்டு வாங்க.”

“நின்னுக்கிட்டுப் பாக்கறது இல்லம்மா. போய்க்கிட்டே பாக்கணும். மேல நீலமா வானம். ரெண்டு பக்கமும் மரம். முகத்துல காத்து. தலைய சாய்ச்சுக்கிட்டு, ஒரு கவலையும் இல்லாம, வேடிக்கை பாத்துக்கிட்டே போலாம்.”

அவள் ஒரு சட்டையின் கைகளை உள்ளே மடித்தாள். “எதுல?”

“கன்வெர்ட்டிபிள்னு ஒண்ணு. தமிழ்ல மடிகூரை வண்டின்னு சொல்லலாம்.”

“மொட்டை கார்னு சொல்லுங்க, புரியும்.”

“அது கொச்சை.”

“பொருத்தமா இருக்கு. மேல கூரை இல்லாத வண்டி, மேல முடி இல்லாத நீங்க. வெயில்ல எதிர்ல வர்றவன் கண்ணு கூசிடப் போகுது.”

“தொப்பி போட்டுக்கலாம்.”

“பின்னால யாரு உக்காருவா?”

“பின்னாலங்கறதே கிடையாது. ரெண்டே சீட்டு. நீ, நான், காத்து.”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “அப்ப பள்ளிக்கூடப் பலகைய எங்க மாட்டறது?”

“அடடா!” என்றேன். “அத நான் யோசிக்கவே இல்லயே!”

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இலக்கணச் சுத்தமானது இதுதான்.

அவள் சட்டையை அடுக்கில் வைத்தாள். அடுத்த சட்டையை எடுத்தாள். பிறகு, “சரிங்க, பாக்கலாம்” என்றாள். அவள் “பாக்கலாம்” என்றால் பெரும்பாலும் பார்க்க மாட்டோம். ஆனால் அந்த வார இறுதியிலேயே கிளம்பிவிட்டாள்.

பழைய கார்கள் விற்கும் கடை அது. வரிசையாகக் கார்கள் கழுவித் துடைத்து நின்றன. விற்பனை செய்கிற இளைஞர் எங்களைக் கண்டதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் சக்கரத்தின் மேல் போகிறவர்களில் பாதிப்பேர் என் மனைவியிடம் படித்தவர்கள்.

“வாங்க டீச்சர்! வாங்க சார்!”

“சிக்னல் எல்லாம் போடறியாப்பா இப்ப?”

“போடறேன் டீச்சர்.”

“திரும்பறதுக்கு முன்னாலயா, திரும்பின பின்னாலயா?”

இளைஞர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார். பிறகு எங்களைக் கார்களிடம் அழைத்துப் போனார்.

முதலாவது சிவப்பு. இரும்புக் கூரை. பொத்தானை அழுத்தியதும் கூரை எழுந்து, இடுப்பை ஒடித்து, டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

“கூரை உள்ள போயிட்டா டிக்கியில எதுவும் வைக்க முடியாது சார்.”

“கூரைய வீட்டுலயே வெச்சுட்டு வர முடியாதா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் கேள்வியாகத்தான் கேட்டேன்.

இரண்டாவது மஞ்சள். கிளப்பியபோது கடையின் கண்ணாடிகள் நடுங்கின. “இது போறதுக்கு முன்னாடி சத்தம் போயிடும் போல இருக்கே” என்றாள் மனைவி. நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தேன் என்பது பிழை; விழுந்தேன். தரையை ஒட்டி அவ்வளவு தாழ்வான இருக்கை. என்னை வெளியே எடுக்க இளைஞரின் இரண்டு கைகளும் தேவைப்பட்டன.

மூன்றாவதைக் கண்டதும் மற்ற இரண்டையும் மறந்துவிட்டேன். கரும்பச்சை நிறம். மரப்பழுப்பில் துணிக்கூரை. குடையை மடக்குகிற மாதிரி சத்தமில்லாமல் மடங்கியது. உள்ளே தோல் இருக்கைகள், உள்ளங்கைக்கு அளவான கியர். பூனை மாதிரி உறுமியது.

என் மனைவி அவசரப்படவில்லை. குனிந்து டயரின் பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தாள். கூரையை மூடச் சொன்னாள். தையல் வரிசையில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தாள். உள்ளே சொட்டுகிறதா என்று தடவினாள். சொட்டவில்லை. திறக்கச் சொன்னாள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, கியரை எல்லாப் பக்கமும் ஆட்டினாள். எனக்காக எவ்வளவு அக்கறையாகச் சோதிக்கிறாள் என்று நெகிழ்ந்துபோனேன்.

அப்போது அந்த இளைஞர் என் தலையில் கல்லைப் போட்டார்.

“டீச்சர், பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் மாட்டிடலாமா? நம்ம மெக்கானிக் ஒரே நாள்ல செஞ்சு கொடுத்துடுவாரு.”

“வேண்டாம்!” என்றேன்.

குரல் எனக்கே புதிது. தூரத்தில் கார் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“ஏங்க வேண்டாம்?”

“ஒரு வண்டின்னா ஒரு பிரேக்தான். அதான் வண்டிக்கு மரியாதை.”

“அப்புறம்?” என்றாள்.

என் பேச்சுக்கு அவள் ‘அப்புறம்’ என்று சொல்வது அபூர்வம். ‘போதும்’ என்பதுதான் வழக்கம். எனக்குக் குஷி கிளம்பிவிட்டது.

“ஓட்டறவங்கள நம்பணும். பக்கத்துல உக்காந்துகிட்டு மெதுவா போ, ஹாரன் அடி, லாரி வருதுன்னு தொணதொணக்கக் கூடாது. வாயே திறக்கக் கூடாது. காலையும் சும்மா வெச்சுக்கணும்.”

“யாரா இருந்தாலும்?”

“யாரா இருந்தாலும்!”

“பின்னால பேச்ச மாத்த மாட்டீங்களே?”

“நான் எழுத்த மாத்தறவன்மா. பேச்ச மாத்தறவன் இல்ல.”

“தம்பி, சார் சொன்னத நீ கேட்டுக்கிட்டல்ல?”

“கேட்டேன் டீச்சர்.”

“அப்ப இந்த வண்டியே இருக்கட்டும்” என்றாள், கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி.

அடுத்த சில நாட்கள் நான் தரையில் நடக்கவில்லை. குளிர்க் கண்ணாடி வாங்கினேன். ஓட்டும்போது போட்டுக்கொள்கிற தோல் கையுறை வாங்கினேன். பக்க வடிவமைப்பாளரிடம் கையுறையைக் காட்டினேன். “அண்ணி ஒண்ணுமே சொல்லலயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாவம், அவர் வீட்டில் இன்னும் அடிமை ஆட்சிதான்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் விடுமுறை. இளவெயில். தொப்பி, கண்ணாடி, கையுறை சகிதம் வாசலுக்கு வந்தேன். கூரை மடிந்திருந்தது. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு என் மனைவி காருக்குள் உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங் இருந்த பக்கம்.

“கொஞ்சம் இறங்கறியாம்மா?”

“ஏன், எதையாவது மறந்துட்டீங்களா?”

“இல்ல... நான் இந்தப் பக்கம்...”

“அந்தப் பக்கக் கதவு திறந்துதான் இருக்கு. ஏறுங்க.”

“அப்ப ஓட்டறது?”

“நான்தான்.”

“ஏம்மா, ஆசைப்பட்டது நானு!”

“ஆமா. மேல வானம், ரெண்டு பக்கமும் மரம், தலைய சாய்ச்சுக்கிட்டு வேடிக்கை. அதெல்லாம் அந்த சீட்டுலதான் இருக்கு. வானத்தப் பாத்துக்கிட்டே ஓட்டினா என் பள்ளிக்கூடத்துல ஃபெயிலுங்க.”

“கடையில நான் பேசினது...”

“ஒண்ணும் மாறல. ஒரே பிரேக்தான் இருக்கு. ஓட்டறவங்கள நம்பணும். யாரா இருந்தாலும்.”

நான் சொன்ன வாக்கியங்களை மனத்துக்குள் வரிசையாக அடுக்கி மெய்ப்புப் பார்த்தேன். ‘வேடிக்கை பாத்துக்கிட்டே போலாம்.’ யார்? ‘ஓட்டறவங்கள நம்பணும்.’ யார் நம்பணும்? ஒன்றில்கூட எழுவாய் இல்லை. இலக்கணம் இதைத் தோன்றா எழுவாய் என்று சொல்லி மன்னித்துவிடும். ஊரார் புத்தகத்திலெல்லாம் எழுவாயைத் தேடி நிறுத்துகிற நான், வீட்டில் ‘நான் ஓட்டுவேன்’ என்ற இரண்டு சொல்லைச் சொல்லப் பயந்து சுற்றி வளைத்திருக்கிறேன். காலியாக இருந்த எழுவாயின் இடத்தில் என் மனைவி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரே ஒரு தடவையாவது நான்...” என்று இழுத்தேன்.

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே பேசினாள். கோபம் துளியும் இல்லை.

“என்னங்க, தினமும் காலைல இருந்து நான் கார்லதான் இருக்கேன். எந்தப் பக்கம்?”

“பக்கத்து சீட்டுல.”

“யாரோ ஓட்டுவாங்க, நான் பக்கத்துல. சாயங்காலம் நீங்க ஓட்டுவீங்க, அப்பவும் பக்கத்துல. ஊருக்கே ஓட்டக் கத்துக் குடுக்கறேன். நான் ஒழுங்கா ஒரு நாள் ஓட்டி எத்தனை வருஷம் ஆச்சு சொல்லுங்க?”

திருத்துவதற்கு ஒரு புள்ளிகூட அகப்படவில்லை. சுற்றிப் போய் ஏறிக்கொண்டேன்.

தெருமுனைவரை உத்தமமாகப் போனாள். பெரிய சாலை வந்தது. அவள் காலுக்குப் பிரேக் மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அதற்கு ஆக்ஸிலரேட்டரும் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மரங்கள் பின்னால் ஓடின. என் தொப்பியும் அவற்றோடு போய்விட்டது. என் கால் எதையோ தேடி விரிப்பை அழுத்திக்கொண்டே இருந்தது.

“லா...” என்று தொடங்கினேன்.

“யாரா இருந்தாலும்” என்றாள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லாரி, சொல்லப்படாத தன் ‘ரி’யுடன் எங்களைக் கடந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்தது, எனக்கு உரிமம் கிடைத்த அன்றைக்குத்தான்.

சிக்னலில் நின்றபோது பைக்கில் வந்த பழைய மாணவன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

“டீச்சர்! நீங்களே ஓட்டறீங்க? அப்ப பக்கத்துல இருக்கறது புது மாஸ்டரா?”

“அட போப்பா. இவரு வானம் பாக்க வந்தவரு.”

விளக்கு பச்சையானது. நான் தலையைச் சாய்த்துக்கொண்டேன். மழையை நம்பிக் கிடக்கிற நிலத்தை வானம் பார்த்த பூமி என்பார்கள். இந்தக் கோடை முழுக்க நான் வானம் பார்த்த புருஷன்.