கதவில் இடித்த கன்னம்

தலைமையாசிரியையின் இடது கன்னத்தில் ஒரு கட்டி எழும்பியிருந்தது. தொட்டால் கல் மாதிரி இருந்தது.

மை தீட்டி வரும் மாணவிகளை முகம் கழுவிவர விரட்டுகிறவர் அவர். போன விடுமுறையில், தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒட்டிய கன்னத்தை உப்பவைக்க ஜெல் ஊசி போட்டுக்கொண்டு வந்ததை யாரிடம் சொல்வது?

"என்னம்மா இது?" என்றார் கணவர்.

"பல்வலிங்க."

உடனே பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். "பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் டாக்டர்.

"அப்ப சூட்டுக் கட்டியா இருக்கும்" என்று சமாளித்தார் தலைமையாசிரியை.

கரையட்டும் என்று அன்றிரவு அழுத்திப் பிசைந்தார். விடிந்தபோது கண்ணோரம் நீலம் பாரித்திருந்தது.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றார் பள்ளியில். மறுநாள் வீக்கம் இரட்டிப்பானது.

"மறுபடியும் கதவா மேடம்?" என்றாள் விளையாட்டு டீச்சர், மெதுவாக.

"ஆமா, அதே கதவுதான்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆயாவின் கை அப்படியே நின்றது.

அன்று மாலையிலிருந்து கணவர் பாத்திரம் கழுவினார், துணி மடித்தார், டிவி போடலாமா என்று அனுமதி கேட்டார். இப்படிப்பட்ட மனுஷனிடம் பொய் சொன்னோமே என்று கூனிக் குறுகித் தோல் டாக்டரிடம் தனியே போனார் தலைமையாசிரியை.

"கன்னத்துல ஊசி ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"இல்லையே."

ஸ்கேன் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார். "உள்ள ஜெல் தெரியுதேம்மா. சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா?"

"போன வாரம்" என்றார், தரையைப் பார்த்து.

"போட்டு மாசக்கணக்கா ஆனப்புறம்கூட காய்ச்சலுக்குப் பின்னால சில பேருக்கு இப்படி வீங்கும். முதல்ல மாத்திரை. கிருமி அடங்கினதும் ஜெல்லைக் கரைக்கிற ஊசி. இனிமே பிசையாதீங்க, எதையும் மறைக்காதீங்க."

வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே மறுநாள் பள்ளிக்குப் போனார். விளையாட்டு டீச்சரும் ஆயாவும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்கள்.

"மேடம், போலீசுக்குப் போயிடலாம். நாங்க சாட்சி சொல்றோம்."

"யார் மேல?"

"சார் மேலதான்."

தலைமையாசிரியைக்குக் காதுமடல் வரை சுட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஊசி, ஜெல், பொய் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

ஆயா குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ சாரைத் தெருமுனையில மடக்கி, 'இனி வீட்டு வேலையெல்லாம் நீதான், அம்மாகிட்ட மூச்சு விட்டா கையை ஒடிச்சுடுவேன்'னு சொன்னேனே, அதை என்னம்மா பண்றது?"