மூடாத குடையும் உன் ஸ்பிரிங்கும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும், உன் பெண்டாட்டியின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்பதற்கும் பதில் போடு. இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

எங்கள் குடைத் தொழிற்சாலைக்குப் போன மாதம் ஒரு பயிற்சியாளர் வந்தார். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் நாங்கள் வைத்த பெயர் ஏன் சார். வந்த அன்றே எங்கள் மேசை வரிசை நெடுக ஒரு மஞ்சள் கயிறு கட்டினார். "குறை கண்ணுல பட்டா யாரா இருந்தாலும் இழுங்க. பெல் அடிக்கும், வேலை நிக்கும். கெட்ட குடை அடுத்த கைக்குப் போகவே கூடாது" என்றார். பக்கத்தில் முதலாளி முறைத்துக்கொண்டு நின்றால் எவளுக்குத் துணிச்சல் வரும்? மூன்று வாரமாய் அதில் எங்கள் கையுறை காய்ந்ததுதான் மிச்சம்.

புதன்கிழமை நான் சோதிக்க எடுத்த குடை அழகாய் விரிந்தது, மூட மாட்டேன் என்றது. பித்தானை அழுத்தினேன், முழங்காலில் இடுக்கிப் பார்த்தேன், ஊஹூம். அடுத்ததும் அப்படியே. பன்னிரண்டில் ஏழு. விரிந்த குடைகளுக்கு நடுவில் நான் நிற்க, "என்னக்கா, உள்ள மழையா?" என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. இதை வாங்குகிறவள் பஸ்ஸில் எப்படி ஏறுவாள் என்று நினைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு இழுத்துவிட்டேன். பெல் அலறியது, வேலை நின்றது. நாற்பது பேரும் என்னையே பார்க்கிறார்கள். முதலாளி ஓடி வந்து, "எவ அது நிறுத்துனது? குடு இங்க!" என்று ஒரு குடையைப் பிடுங்கி மல்லுக்கட்டி, கடைசியில் விரித்த குடையோடே தன் அறைக்குள் போகப் பார்த்து வாசலில் மாட்டிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. இருமினோம்.

அதற்குள் ஏன் சார் வந்துவிட்டார்.

"ஏன் மூடல?"

"கொக்கி உள்ள போகல சார்."

"ஏன் போகல?"

"ஸ்பிரிங் விறைப்பா இருக்கு."

"ஏன் விறைப்பு?"

"கம்பி தடிமன்."

"ஏன் தடிமன்?"

"செஞ்சவர் அப்படி அனுப்பியிருக்கார்."

"அவர்கிட்ட ஏன் வாங்குனோம்?"

எனக்குத்தான் பொய் வராதே. "அவன் என் தம்பி சார். நான்தான் சிபாரிசு பண்ணேன்."

வேலை போயிற்று என்று சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துவிட்டேன். முதலாளி நெற்றியைத் தடவிக்கொண்டே, "கூடப் பொறந்தவன் சரக்குன்னு தெரிஞ்சும் இழுத்தியாம்மா?" என்றார்.

"தெரிஞ்சதாலதான் சார் கண்ணை மூடிக்கிட்டேன்."

முதலில் கை தட்டியவர் அவர்தான்.

நீ அனுப்பிய மூன்று பெட்டி ஸ்பிரிங்கும் நாளை வேனில் திரும்பி வருகிறது. அக்கா என்று பேர், இப்படிச் செய்துவிட்டாளே என்று பொருமாதே. கம்பியை அளந்து வாங்கு, நூறு ஸ்பிரிங்குக்குப் பத்தை நீயே அமுக்கிப் பார். இரண்டு நாள் கோபமாய் இரு, மூன்றாம் நாள் போன் பண்ணு.

நீயும் உன் பட்டறையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் எங்கள் தொழிற்சாலை ஸ்டோர்காரர் வீட்டு வாசலில் வந்து தலையைச் சொறிகிறார். உன் பெட்டிகள் மூன்றும் பிரிக்காமல் மேல் அலமாரியில் அப்படியே இருக்கிறதாம். அவர் எங்களுக்கு எடுத்துக் கொடுத்தது உன் போட்டிக்காரர் சரக்காம்! வேனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கடிதத்தைப் புதிதாய் எழுதலாம் என்றால், செய்த வேலையையே திரும்பச் செய்வது வீண் என்பது ஏன் சார் சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் நலம் விசாரித்ததை நீ வைத்துக்கொண்டு, அறிவுரையை மட்டும் கத்தரித்து அந்தப் போட்டிக்காரருக்கு அனுப்பிவிடு.