ஒன்றைக் கழித்தால்தான் ஒன்று

“மூணு மணிக்குள்ள ஒரு போஸ்ட்டைக் கொன்னாகணும்,” என்றார் ஆணையர்.

தலைமை எழுத்தர் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டார். “யாரை மேடம்?”

“ஆளை இல்லைங்க. போஸ்ட்டை. ஆளே இல்லாத போஸ்ட்டாப் பாருங்க.”

விஷயம் இதுதான். நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியில் இன்னும் இருபத்திரண்டு நாளுக்குத்தான் தண்ணீர் இருந்தது. மேல் அணையைத் திறந்துவிட மேலிடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. தண்ணீர்ச் சிக்கனத்தைக் கவனிக்கவென்றே நகராட்சியில் தனியாக ஓர் அலுவலர் இருக்க வேண்டும். அப்படி ஓர் அலுவலர் உள்ள ஊர்களுக்கு முதலில் தண்ணீர். இல்லாத ஊர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்றுதான் கடைசி நாள். மூன்று மணிக்கு மன்றம் கூடித் தீர்மானம் போட்டாக வேண்டும்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. நகராட்சியில் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பணியிடங்கள். அது முந்நூற்றுப் பதின்மூன்று ஆகவே கூடாது என்றும் அதே மேலிடம்தான் சொல்லியிருந்தது. புதிதாக ஒன்று வர வேண்டுமானால் பழையதில் ஒன்று போக வேண்டும்.

“ஒரு நிமிஷம் மேடம். முடிச்சுட்டு வந்துடறேன்.”

எதற்கெடுத்தாலும் ஒரு நிமிஷம் கேட்பதால் அலுவலகத்தில் அவருக்கு ‘நிமிஷம்’ என்றே பெயர். முகத்துக்கு நேரே சார். முதுகுக்குப் பின்னால் நிமிஷம். உட்கார்ந்தால் அவர் கால் ஆடும். நின்றால் பேனா மூடி திறந்து மூடும். பிறருக்கு ஆறும்வரை காத்திருக்கும் காப்பி இவருக்கு மட்டும் நாக்கைச் சுட்டுக்கொண்டேதான் உள்ளே போகும்.

பணியாளர் விவரமெல்லாம் போன மாதம்தான் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. முன்பெல்லாம் ஒரு பணியிடத்தை ரத்து செய்ய ஆறு கையெழுத்தும் ஆறு மாதமும் வேண்டும். இப்போது ஒரு சொடுக்கு போதும். பணியிடங்களின் பெயர்கள் அகர வரிசையில் வரும். அதில் யார் சம்பளம் வாங்குகிறார் என்பது மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள மூன்று மாடி இறங்கிச் சம்பளப் பிரிவுக்குப் போக வேண்டும். நிமிஷத்துக்கு அவ்வளவு நேரம் ஏது?

‘அ’வில் தொடங்கி மளமளவென்று இறங்கினார். ‘கு’வில் கண் நின்றது.

குதிரை லாயக் காப்பாளர்.

வாய்விட்டுச் சிரித்தார். குதிரை இல்லை. லாயமும் இல்லை, அது இருந்த இடத்தில் இப்போது பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். சொடுக்கினார். ரத்து. மணி பத்தே முக்கால்கூட ஆகவில்லை.

பதினொன்றுக்கு ஆணையரின் டிரைவர் வந்து கார்ச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

“சார், விரல் வச்சா வருகைப்பதிவு மெஷின் ‘நீங்கள் யார்’னு கேக்குது.”

“துடைச்சுட்டு வைங்க.”

“பத்து விரலும் வச்சுப் பாத்துட்டேன். கால் விரல்தான் பாக்கி.”

தலைமை எழுத்தரின் பேனா மூடி சட்டென்று நின்றது. “உங்க போஸ்ட் பேர் என்ன?”

“குதிரை லாயக் காப்பாளர்.”

“நீங்க டிரைவர்யா!”

“ஓட்டறது வண்டி. ஆர்டர்ல இருக்கறது குதிரை. குதிரையை அனுப்பிட்டு ஜீப் வாங்கினாங்களே, அப்போ டிரைவருக்குன்னு தனியா போஸ்ட் கிடைக்கலை, இதுலயே போட்டுட்டாங்க. அன்னைலேர்ந்து இப்படித்தான். எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்போ மாமனார் ஆர்டரைப் படிச்சுட்டு, ‘மாப்பிள்ளை ஊருக்கு வந்துட்டா குதிரைக்கு யாரு புல்லு போடறது’ன்னு கேட்டார் சார்.”

“சரி, இப்போ போய் வண்டியை எடுங்க. மேடம் ஏரிக்குப் போகணும்.”

“மேடம் பின்சீட்டுல உக்காந்து பத்து நிமிஷமாச்சு. ஆனா நான் இப்போ வெளியாள் சார். வெளியாள் அரசாங்க வண்டியைத் தொடலாமா?”

கீழேயிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. ஆணையர் முன்சீட்டுக்கு எட்டி அழுத்துகிறார் என்பது புரிந்தது. தலைமை எழுத்தர் அவசரமாகக் குதிரை லாயத்தை மீண்டும் திறந்தார். டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கைப்பேசி அடித்தது. மனைவி. வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவர். பேசும்போதும் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

“ஏங்க, இன்னைக்கு நம்ம தெருவோட முறை. குழாயைத் திறந்தா காத்துதான் வருது. யாருகிட்ட கேக்கறது?”

“அதுக்குத்தாம்மா ஒரு ஆளைப் போடப் போறோம். ஒரு நிமிஷம்...”

பட்டியலில் மேலும் இறங்கினார். தெருவிளக்கு எண்ணெய் ஊற்றுபவர். தெருவில் எண்ணெய் விளக்கைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. சொடுக்கினார்.

பன்னிரண்டு மணிவாக்கில் மழைச் சத்தம் கேட்டது. நல்ல கனமழை. தலைமை எழுத்தர் மனம் குளிர்ந்து ஜன்னலுக்கு ஓடினார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, ஜன்னலுக்கு முன்னால் தண்ணீர் திரைபோட்டு விழுந்துகொண்டிருந்தது.

மூன்று மாடியும் இறங்கி ஓடினார். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் மரத்தடிக் கல்லின்மேல், நனையாமல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு மோட்டார்காரர் உட்கார்ந்திருந்தார்.

“மோட்டாரை நிறுத்துங்க!”

“நிறுத்தறதுக்கு நான் யாரு?”

தலைமை எழுத்தர் ஓர் அடி நெருங்கினார். “எண்ணெய் ஊத்தறவரா நீங்க?”

“ஊத்தறதில்லை. ஆனா அவர்தான்னு எழுதியிருக்காங்க. பதினொன்றரைக்கு மோட்டாரைப் போட்டேன். நிறுத்தலாம்னு வந்தா மெஷின் என்னைத் தெரியாதுன்னுடுச்சு. வெளியாள் சுவிட்ச்சைத் தொடக்கூடாதுன்னு அங்க போர்டு இருக்கு பாருங்க. நீங்க எழுதி மாட்டினதுதான்.”

“சரி, நானே நிறுத்தறேன். சாவியைக் குடுங்க.”

“வேலை போனா சாவியை ஒப்படைக்கணுமில்ல? ஸ்டோர்ல குடுத்து ரசீது வாங்கிட்டேன்.”

“ஸ்டோர்காரர் எங்க?”

“சாப்பிடப் போயிருக்கார். இன்னைக்கு அவர் வீட்டுல விருந்தாளி.”

கூட்டத்துக்கு முன் மதியச் சாப்பாடும் உண்டென்பதால், அதற்குள் மன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கிவிட்டார்கள். வேட்டியைத் தூக்கிக்கொண்டும், புடவைக் கரையைச் சுருட்டிக்கொண்டும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டும் வாசலைத் தாண்டினார்கள். ஒருவர் நின்று, விழும் தண்ணீரை ரசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“கூட்டத்துக்கு முன்னாடி செயல்விளக்கமா சார்?”

“ஆமாங்க... இல்லைங்க... ஒரு நிமிஷம்!”

மறுபடியும் கைப்பேசி.

“ஏங்க, அங்க என்ன சத்தம்? மழையா?”

“இல்ல... தொட்டி.”

தையல் மெஷின் நின்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி பேசும்போது அந்த மெஷின் நின்றதே இல்லை.

“நெறஞ்சு வழியுதா?”

“கொஞ்சமா...”

“இங்க நான் சாப்பிட்ட தட்டைப் பேப்பரால துடைச்சு வச்சிருக்கேன். அந்த ஆளைப் போட்டதும் முதல்ல என்கிட்ட அனுப்புங்க. ரெண்டு வார்த்தை கேக்கணும்.”

மேலே ஓடி, மோட்டார்காரருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தார். வேலை வந்ததே தவிரச் சாவி வரவில்லை. ஸ்டோர்காரர் விருந்தை முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. அதுவரை அருவி கொட்டிக்கொண்டே இருந்தது. தலைமை எழுத்தர் இரண்டு வாளிகளைக் கொண்டுவந்து கீழே வைத்தார். வைத்த வேகத்தில் அவை நிரம்பின. மூன்றாவது வாளி தேடிப் போய்த் திரும்புவதற்குள் இரண்டையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

இனி அவசரப்படுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு மறுபடி பட்டியலைத் திறந்தார். தொற்றுநோய்க் கூடார எழுத்தர். கூடாரம் கிடையாது. அப்படி ஒரு நோய் வந்து போனதே யாருக்கும் நினைவில்லை. இருந்தாலும் இந்த முறை எச்சரிக்கையாக இருந்தார். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று உரக்கக் கேட்டார்.

“இங்க யாராவது தொற்றுநோய்க் கூடார எழுத்தரா?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு அறையில் மட்டும் இருவர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

சொடுக்கினார். திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘இன்றைய திருத்தங்கள் முடிந்தன. நாளை காலை முயலவும்.’

“நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே முடிஞ்சுது,” என்று திரையிடமே சொன்னார். காலையிலிருந்து முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

சாய்ந்த முதுகு நாற்காலியைத் தொடுவதற்குள் டைப்பிஸ்ட் வந்து நின்றார். ஏழு மாதக் கர்ப்பிணி. இடுப்பில் ஒரு கையை ஊன்றியிருந்தார்.

“சார், தீர்மானத்தை ‘இந்நகரின் நீரைப் பேணும் பொருட்டு’ வரைக்கும் அடிச்சேன். திடீர்னு என் கம்ப்யூட்டர் ‘நன்றி, தங்கள் பணிக்காலம் முடிந்தது’ன்னு சொல்லி அணைஞ்சுபோச்சு.”

தலைமை எழுத்தர் எழுந்து நின்றார். “நான் வாசல் வாசலா வந்து கேட்டேனேம்மா!”

“கூடார எழுத்தர் யாருன்னுதானே சார் கேட்டீங்க? நான் டைப்பிஸ்ட். நான் வேற எதாவதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சம்பளச் சீட்டுல வெறும் நம்பர்தானே வருது.”

தலைமை எழுத்தர் திரையைப் பார்த்தார். நாளை காலை முயலவும்.

“அடுத்த மாசம் பிரசவ லீவுக்கு எழுதிக் குடுத்திருக்கேன் சார்,” என்றார் டைப்பிஸ்ட். குரல் உயரவில்லை; உயர்ந்திருந்தால்கூடத் தேவலை. “வேலையே இல்லைன்னா லீவு எப்படி சார் குடுப்பாங்க?”

தலைமை எழுத்தர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். ‘ஒரு நிமிஷம்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினார். தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டார்.

“உக்காருங்கம்மா. உங்க வேலையோடதான் நான் திரும்பி வருவேன்.”

மணி இரண்டு முப்பத்தைந்து. மாடிப்படி முழுக்க ஈரம். முதல் திருப்பத்தில் வழுக்கி, இரண்டாவது திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்து, மூன்றாவதில் ஏறக்குறைய உட்கார்ந்தபடியே தரைத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் போகாத இடம் சம்பளப் பிரிவு. சம்பளம்தான் தானாக வந்துவிடுகிறதே!

அங்கே ஒரே ஒரு மேஜை. அதன் பின்னால் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நனைந்த சட்டையும் மூச்சிரைப்புமாக ஒருவர் வந்து நிற்பதைப் பார்த்ததும் பழத்தைக் கீழே வைத்தாள்.

“தொற்றுநோய்!” என்றார் அவர்.

“சார்?”

“கூடார எழுத்தர்! தெரியாம ரத்து பண்ணிட்டேன். அவங்களுக்கு ஏழு மாசம்!”

பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அவள் விசைப்பலகையில் நாலு தட்டு தட்டினாள். “இங்கேர்ந்தே திருப்பிப் போட்டுடலாம் சார். போட்டாச்சு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார். காலைலயே வந்திருக்கலாமே?”

தலைமை எழுத்தர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் லேசாகக் கலங்கியது. அது படிக்கட்டில் விழுந்ததாலா டைப்பிஸ்ட்டாலா என்று அவருக்கே தெரியவில்லை. மேலே மன்றக் கூட்டத்தின் முதல் மணி அடித்தது. துள்ளி எழுந்தார்.

“அம்மா தாயே, ஒரே ஒரு உதவி. யாருமே சம்பளம் வாங்காத ஒரு போஸ்ட்டைச் சொல்லு. ஒண்ணே ஒண்ணு. காலைலேர்ந்து செத்ததுன்னு நெனச்சு எதைத் தொட்டாலும் உயிரோட எழுந்து வந்து நிக்குது. குதிரைக்காரர் கார் ஓட்டறார், எண்ணெய் ஊத்தறவர் தண்ணி ஊத்தறார். எனக்கு ஒரு நல்ல பொணமாக் குடு, நான் போயிடறேன்.”

“எதுக்கு சார் அது?”

அவர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். ஏரி, இருபத்திரண்டு நாள், மேல் அணை, முந்நூற்றுப் பன்னிரண்டு, மூன்று மணித் தீர்மானம், புதிதாக உருவாக்க வேண்டிய நீர்ச் சிக்கன ஒருங்கிணைப்பாளர் பணியிடம். இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. ஆணையரின் குரல் மாடியிலிருந்து அவர் பெயரைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தது.

அந்தப் பெண் பட்டியலை மெல்ல உருட்டினாள். ‘தொ’வைத் தாண்டினாள். ‘நீ’ வந்ததும் நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள், அவர் சட்டையிலிருந்த அடையாள அட்டை எண்ணைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

“எதையும் கழிக்க வேண்டாம் சார், அந்த போஸ்ட் ஏற்கெனவே இருக்கு... பத்தொம்பது வருஷமா அதுல சம்பளம் வாங்கிட்டிருக்கறது நீங்கதான்.”