சின்ன நடைதான், யாங்ஜி

இந்த வசந்தத்தில் மலைக்குப் போயே தீருவது என்று சபதம் எடுத்தேன். சாதாரணச் சபதம் இல்லை. யாக் மாட்டுக் கொட்டகையில், கணுக்கால் வரை சாணியில் நின்றுகொண்டு, ஓங்கிய குரலில் எடுத்த சபதம். வீட்டுக்குள்ளேயே எடுத்திருக்கலாம். வீட்டுக்குள் என் மனைவி யாங்ஜி இருந்தாள்.

என் பெயர் ஆங் கியால்சென். கியால்சென் என்றால் வெற்றிக்கொடி. எங்கள் வீட்டில் கொடி என்றால் துணி காயப்போடுவதற்கு.

மேலே கயிறு கட்டுவதுதான் ஒரு காலத்தில் என் வேலை. மற்றவர்கள் பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு நாங்கள் முன்னால் போய்க் கட்டிவிட்டு வருவோம். சில வருஷங்களுக்கு முன் யாங்ஜியின் தம்பி தெம்பாவும் என்னோடு வந்தான். பனி சரிந்தது. நான் இறங்கி வந்தேன். அவன் வரவில்லை. இன்னும் மேலேதான் இருக்கிறான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த மலைக்குப் பெயர் கிடையாது. "அது" என்பாள் யாங்ஜி. அதுவும் எப்போதாவது. வடக்குப் பார்த்த ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டாள். எங்கள் ஊர் பெங்காரிலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவும் பைன் மரங்களும்தான் தெரியும், "அது" தெரியாது. இருந்தாலும் அடித்தாள்.

நான் உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தேன். எங்கள் விடுதியில் தங்குகிறவர்களுக்கு உரித்தேன். தங்காதபோதும் உரித்தேன். நாம்சே சந்தையில் ஒருவன், "மாமா, நீங்க முன்னாடி மலைக்கெல்லாம் போவீங்களாமே?" என்று கேட்டான். அந்த "முன்னாடி" என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வீட்டுக்கு வந்து சட்டி நிறைய உரித்தும் அது போகவில்லை.

அப்போதுதான் மிங்மா நுரு போனில் கூப்பிட்டார். மேலே போகும் குழுக்களுக்குத் தலைவர். "கயிறு கட்ட ஒரு ஆளு குறையுது. அடுத்த வாரம் கும்ஜுங்ல இருந்து விடியக்காலம் யாக்குகளோட கிளம்பறோம். வர்றியா?"

"வர்றேன்."

"வீட்ல கேட்டியா?"

"எங்க வீட்ல நான் சொன்னா சொன்னதுதான்."

உண்மைதான். சொன்னால் சொன்னதுதான். சொல்வதில்தான் சிக்கல்.

பக்கத்து வீட்டுத் தெண்டியிடம் போனேன். அவன் தன் மனைவிக்கு பயந்து சுவர் ஓரமாக நின்று குசுகுசுவென்று பேசுகிறவன். பயந்தவர்களுக்குத்தான் தந்திரம் வரும்.

"சின்ன நடைன்னு சொல்லிடு," என்றான். "ஊர் ஊரா நடந்து, டீ குடிச்சு, போட்டோ எடுத்துட்டுத் திரும்பற கும்பல் வருதுல்ல, அந்த மாதிரி. கும்ஜுங் வரைக்கும் பொய் தாங்கும். அப்புறம் நீ மேல, பொய் கீழ."

"அவ விசாரிச்சா?"

"நான் சொல்லிக்கறேன்."

"உனக்கு பயமா இல்ல?"

"என் பொண்டாட்டிகிட்டதான் பயம். உன் பொண்டாட்டிகிட்ட எனக்கென்ன?" என்றவன், எங்கள் வீட்டுக் கதவு கிரீச்சிட்டதும் சுவருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

அந்த வசந்தம் வசந்தம் மாதிரியே இல்லை. பனிமூட்டம் ஆற்றிலிருந்து எழுந்து வந்து உருளைக்கிழங்கு வயலில் படுத்துக்கொண்டது. விடுதிப் படுக்கைகளில் பூனை மட்டும் தங்கியிருந்தது. யாங்ஜி அடுப்படியில் வெண்ணெய்த் தேநீர் கடைந்துகொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

"ஒரு சின்ன நடைக்கு ஆள் வந்திருக்கு. கூட்டிட்டுப் போகணும்."

"எவ்ளோ சின்னது?"

"ரொம்பச் சின்னது. மலையே பார்க்காதவங்க. மோஞ்ஜோ, நாம்சே, கும்ஜுங். அப்படியே திரும்பி."

"யாரு?"

"பின்லாந்துக்காரங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. "ஒண்ணு ஒண்ணு."

"எங்க இருக்காங்க?"

"லுக்லாவுல வந்து இறங்கிட்டாங்க."

கடைவதை நிறுத்தினாள். "பனிமூட்டத்துல பிளேனே இறங்கலையே. உன் பின்லாந்து மட்டும் எப்படி இறங்குச்சு?"

"அது... கீழ ரோடு வரைக்கும் ஜீப்புல வந்து, அங்கேர்ந்து நடந்தே வந்துட்டாங்களாம்."

"அத்தனை மலைய ஏறி இறங்கியா?"

"ஆமா."

"அப்படி நடந்தவங்களுக்கு எதுக்குச் சின்ன நடை?"

மலையில் கயிறு கட்டுகிறவன் வீட்டில் கயிறு திரித்தால் இப்படித்தான். முடிச்சு தன் கழுத்திலேயே விழும். நான் தேநீரை மடக்கென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். பதில் சொல்லாமலிருக்க அது ஒரு காரணம்.

யாங்ஜி என்னையே பார்த்தாள். பிறகு, "சரி, போயிட்டு வாங்க," என்றாள்.

எங்கள் பேச்சில் மரியாதைச் சொற்கள் உண்டு. லாமாவுக்கும் பெரியவர்களுக்கும் என்று வைத்திருக்கிறோம். யாங்ஜி அவற்றை எடுத்து எனக்குப் பரிமாறினால் எதுவோ நடக்கப்போகிறது என்று பொருள். என் தைரியம் அப்போதே மலையேறிவிட்டது. நான்தான் இன்னும் ஏறவில்லை.

அன்றே உப்பு வாங்கப் போவதாகச் சொல்லி லுக்லாவுக்குக் கிளம்பினாள். மறுநாள் வந்தபோது கையில் உப்பு இல்லை. பின்னால் ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தார். சமவெளிக்காரி. சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. காலில் ஆண்பிள்ளை ஷூ, அளவு பெரிது, முனையில் துணி அடைத்திருந்தது. நாலு அடி நடப்பார், கால்மூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இவங்க ராம்பரி அக்கா. ஜனக்பூர் பக்கம்," என்றாள் யாங்ஜி. "மூட்டம் வர்றதுக்கு முந்தி வந்து எறங்கியிருக்காங்க. கால் வலிக்காரிய யாரும் கூட்டிட்டுப் போக மாட்டேங்கறாங்களாம், விடுதியிலேயே உக்காந்திருந்தாங்க. நீங்கதான் சின்ன நடை போறீங்களே, கூட்டிட்டுப் போங்க."

"என்னோட பின்லாந்து..."

"லுக்லா பூரா தேடிட்டேன். உங்க பின்லாந்து கெடைக்கலை. வழியில பார்த்தா இங்க உக்கார வச்சு டீ குடுக்கறேன். நீங்க கெளம்புங்க."

"போலாமா தம்பி?" என்றார் ராம்பரி அக்கா.

கிளம்பினேன். வேறென்ன செய்வது? ஒரு கணக்குப் போட்டிருந்தேன். கும்ஜுங்கில் யாங்ஜியின் சித்தி மகள் விடுதி வைத்திருக்கிறாள். அக்காவை அங்கே உட்கார வைத்துவிட்டு நான் மேலே நழுவிவிடலாம்.

அந்தப் பாதையில் நான் மூட்டை சுமந்து ஓடியிருக்கிறேன். அன்று ஊர்ந்தேன். மேலே பனிமூட்டம், கீழே கால்மூட்டு. மந்திரம் செதுக்கிய கற்சுவர் வந்தால் எங்கள் வழக்கப்படி இடப்பக்கமாக நடந்து கடப்போம். அக்கா ஒவ்வொரு சுவரையும் முழுச் சுற்று சுற்றினார். தொங்கு பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். எதிரே வந்த யாக் கூட்டம் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தானே ஒதுங்கியது.

மோஞ்ஜோவில் யாங்ஜியின் தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். "மச்சான், சின்ன நடையாமே?" என்று உருளைக்கிழங்கு ரொட்டி வைத்தாள். நாம்சேயில் யாங்ஜியின் அத்தை. "மாப்பிள்ளை, சின்ன நடையாமே?" மறுபடி உருளைக்கிழங்கு ரொட்டி. வழிநெடுக என் மாமியார் வீடு நீண்டு கிடக்கிறது என்பது கல்யாணத்தன்று எனக்குத் தோன்றவில்லை.

நாம்சேக்கு ஏறும் செங்குத்தில் ஒரு திருப்பம் உண்டு. மரங்கள் விலகும் இடம். அங்கிருந்துதான் முதல்முதலாக "அது" தெரியும். எல்லோரும் நின்று போட்டோ எடுப்பார்கள். அக்கா கல்லில் உட்கார்ந்தார்.

"எங்க தம்பி?"

"அதோ, அந்தப் பக்கம்."

"வெறும் வெள்ளையாத்தான் தெரியுது."

"அதுவும் வெள்ளைதான் அக்கா."

அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குப் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார், பதில் சொன்னால் நேரமாகும் என்று நினைத்தேன்.

கும்ஜுங் போய்ச் சேர்ந்தோம். யாங்ஜியின் சித்தி மகள் லாமு கேட்கவேண்டியதைக் கேட்டாள், வைக்கவேண்டியதை வைத்தாள். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

விடியலில் எழுந்து பையை எடுத்துக்கொண்டேன். பூட்ஸைக் கையில் பிடித்து, மரத்தரை முனகாத இடமாகப் பார்த்து, பூனை நடை நடந்து வாசலுக்கு வந்தேன். ஊரின் கோடியில் யாக் மணிச் சத்தம் கேட்டது. மிங்மா நுருவின் குழு மேலே கிளம்பிக்கொண்டிருந்தது.

வேலிக் கல்லின் மேல் ராம்பரி அக்கா உட்கார்ந்திருந்தார். மூட்டத்தில் பாதி உருவம்தான் தெரிந்தது. மடியில் ஒரு துணிப்பொட்டலம். "அது" இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத்து மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பக்கம் இல்ல அக்கா. இந்தப் பக்கம்."

"அப்படியா?" என்று திரும்பி உட்கார்ந்தார். "நேத்து ராத்திரியும் தப்பாத்தான் கும்பிட்டேனா?"

நான் பையைப் பின்னால் மறைத்தேன். அவ்வளவு பெரிய பையை மறைக்க என்னைவிடப் பெரிய ஆள் வேண்டும்.

"எம் பையன் அங்க இருக்கான் தம்பி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போனான். கொண்டுவர முடியாதுன்னுட்டாங்க." பொட்டலத்தைத் தொட்டார். "தேக்குவா கொண்டாந்திருக்கேன். கோதுமையும் வெல்லமும் போட்டுப் பொரிக்கறது. அவனுக்குப் பிடிக்கும். இது அவன் ஷூதான். வீட்ல போடறதுக்கு வச்சிருந்தான்."

நான் அவர் ஷூவைப் பார்த்தேன், அவர் என் பையைப் பார்த்தார்.

"நீங்க மேல போறீங்களா?"

"ஆமா அக்கா." அவரிடம் பொய் வரவில்லை.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"சின்ன நடைன்னு சொல்லியிருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. நெடுநாள் தெரிந்த ஒரு சங்கதியை மறுபடி கேட்டவர் போல ஆட்டினார்.

"அவனும் எங்கிட்ட அப்படித்தான் சொன்னான். ஊர் ஊரா நடந்துட்டு வந்துடுவேன் அம்மா, சின்ன நடைதான்னு. நான் எள்ளுருண்டை பிடிச்சு வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்."

யாக் மணிச் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. ஓடிப் போயிருந்தால் பிடித்திருக்கலாம். நான் அவர் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினேன். மாட்ட வெகு நேரம் ஆயிற்று. கயிறு கட்டிப் பழகிய விரலுக்கு அன்று ஷூ கயிறு பிடிபடவில்லை. கண்ணில் எதுவோ விழுந்திருந்தது. மூட்டமாகத்தான் இருக்கும்.

"வாங்க அக்கா," என்றேன். "ஊருக்கு மேல ஒரு ஸ்தூபி இருக்கு. மூட்டம் விலகினா அங்கேர்ந்து நல்லாத் தெரியும்."

மூட்டம் விலகவில்லை. பாதி வழியில் அவர் கால் மடங்கிவிட்டது. மிச்ச வழி என் முதுகில் வந்தார். மேலே குழுக்களின் மூட்டைகளைச் சுமந்திருக்கிறேன், கூடாரங்களைச் சுமந்திருக்கிறேன். அந்த அம்மாள் அவ்வளவு கனமில்லை. ஆனால் எனக்கு அதற்கு முன் அப்படி மூச்சு வாங்கியதில்லை.

ஸ்தூபியின் படியில் தேக்குவாவைப் பிரித்து வைத்தார். நான் சாம்பிராணிக்குப் பதிலாக ஜூனிப்பர் இலையைக் கொளுத்தினேன். அவர் மகன் பெயரைச் சொன்னார். நான் தெம்பாவின் பெயரைச் சொன்னேன். அவன் போனபின் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். புகை மேலே போகாமல் ஈரத்தில் எங்களையே சுற்றிக்கொண்டு நின்றது. மலைக்காக்கைகள் ரெண்டு வந்து தேக்குவாவைக் கொத்தின. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"சாப்பிடறான்," என்றார். அவ்வளவுதான்.

கடைசிவரை மலை தெரியவில்லை.

இறங்கும்போது மிங்மா நுருவைக் கூப்பிட்டேன். சிக்னல் இல்லை. பரவாயில்லை, இப்படிப்பட்ட முடிவை முதலில் மனைவியிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். நெஞ்சை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்தி, தியாகம் செய்தவன் சொல்வதுபோல. அவள் கண் கலங்கும். என் கையைப் பிடித்துக்கொள்வாள். அன்று ராத்திரி உருளைக்கிழங்கு இருக்காது.

அக்காவை லுக்லாவில் கொண்டுபோய் விட்டேன். மூட்டம் ஒரு மணி நேரம் வழிவிட்டதில் விமானம் ஒன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. படியில் ஏறுமுன், "சின்ன நடைன்னு சொன்னா சின்ன நடையாவே இருக்கணும் தம்பி," என்றார். நான் பெங்காருக்கு நடந்தேன்.

வாசலில் எட்டிப் பார்த்த தெண்டி என்னைக் கண்டதும் சுவருக்குக் கீழே உட்கார்ந்தான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

யாங்ஜி வயலில் விதைக்கிழங்கு ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தக்கா போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"வச்சாங்களா, கொண்டாந்தத?"

"வச்சாங்க. காக்கா எடுத்துச்சு." பிறகு சொன்னேன், "தெம்பா பேரையும் சொன்னேன்."

அவள் குனிந்தபடியே இருந்தாள். கையிலிருந்த கிழங்கை ஒரே குழியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். மண்ணை மூடிவிட்டு முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இதுதான் சமயம். நெஞ்சை நிமிர்த்தினேன். குரலைத் தாழ்த்தினேன்.

"யாங்ஜி, உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். நான் மேல போறதா இருந்தேன். இப்ப போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

யாங்ஜி அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.

"தெண்டி உளறின அன்னிக்கே நீ வரலேன்னு நான் மிங்மா நுருகிட்ட சொல்லி, உன் எடத்துக்கு வேற ஆளு போயி, அவனும் மூச்சுமுட்டி நேத்தே கீழ எறங்கி வந்துட்டான். நீ இப்பத்தான் முடிவே பண்றியா?"