கட்டைவிரல் புகார்

கட்டைவிரல் வெளியே வரவில்லை.

பந்தில் மூன்று ஓட்டைகள். நடுவிரலும் மோதிரவிரலும் முனகிக்கொண்டே வந்துவிட்டன. கட்டைவிரல் மட்டும் ஆப்பசைத்த குரங்கின் கதையாக உள்ளேயே மாட்டிக்கொண்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஜி.எம். விற்பனை இலக்கு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். டிஸ்பாட்ச்காரர் ஆறு கிலோ பௌலிங் பந்தை மடியில் வைத்து, மேலே ஒரு ஃபைலைப் போட்டு மூடி, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை.

"என்ன டிஸ்பாட்ச், கிளம்பலியா?" என்றார் ஜி.எம்.

"நீங்க போங்க சார். நான் கொஞ்சம் யோசிச்சிட்டு வர்றேன்."

பத்தொன்பது வருஷத்தில் அவர் யோசித்து யாரும் பார்த்ததில்லை. ஜி.எம். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அது குளியலறைக் குழாய்கள் செய்யும் கம்பெனி. வருஷா வருஷம் மற்ற கம்பெனிகளோடு பௌலிங் போட்டி நடக்கும். ஆறு பேர் கொண்ட அணி. ஆறும் மாடி ஆட்கள். கீழே சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவிலிருந்து இதுவரை ஒருவரையும் கூப்பிட்டதில்லை. கம்பெனியின் குடும்ப விழாவில் டிஸ்பாட்ச்காரர் விளையாட்டாக உருட்டிய பந்து பத்துக் கட்டைகளையும் ஒரே அடியில் சாய்த்தது ஜி.எம். கண்ணில் பட்டுவிட்டது. நான்கு மாதங்களுக்கு முன் எச்.ஆர். மேடம் அளவு வளையங்களோடு படியிறங்கி வந்து அவர் விரல்களை அளந்து கார்டில் குறித்துக்கொண்டார். அதற்காக அன்று டிஸ்பாட்ச்காரர் இரண்டு தடவை கை கழுவினார். மனைவியிடம் அதை மூன்று தடவை சொன்னார். தன்னையும் ஆளாக மதித்துவிட்டார்கள் என்ற சந்தோஷம் அவருக்கு.

பந்துகளில் பெயர் போடவில்லை, பதவியைத்தான் போட்டிருந்தார்கள். இன்று மேஜையில் இருந்த ஆறில் 'டிஸ்பாட்ச் தலைமை' என்று பொறித்ததை அவரே போய் எடுத்துக்கொண்டார். எச்.ஆர். மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தண்ணீர் குடித்தார்.

பஸ்ஸில் வலது கையைப் பைக்குள் விட்டபடியே வீடு வந்து சேர்ந்தார். மனைவி பையைத் திறந்து பார்த்தாள்.

"என்னங்க இது, கையில பந்தா, பந்துல கையா?"

"கடைக்காரன் அளவை மாத்திட்டான். எண்ணெய் கொண்டா."

எண்ணெய்க்கு அசையவில்லை. சோப்புக்கும் அசையவில்லை. மகள் பந்தைப் பிடிக்க, மனைவி கணவனைப் பிடிக்க, மூன்றாவது இழுப்பில் விரல் வந்தது. தோலில் பாதி வரவில்லை.

"இப்படியொரு விளையாட்டு தேவையா?" என்றாள் மனைவி.

"அப்பா, நான் காலேஜ்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு," என்றாள் மகள். "அடுத்த மாசம் பத்தாந்தேதி போட்டிக்கு என் ஃப்ரெண்ட்ஸ் ஏழு பேர் வர்றாங்க. பின்வாங்கிடாதீங்க."

"யாரு பின்வாங்குறது?" என்றார், கட்டு போட்ட விரலை நிமிர்த்தி.

மறுநாள் எச்.ஆர். மேடம் இன்னொரு தடவை படியிறங்கி வந்தார்.

"சார், அந்தப் பந்தை என்கிட்டயே குடுத்திடுங்களேன்."

"உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்? நானே சரி பண்ணிக்கிறேன்."

"ஐயோ, அதைத் தொடாதீங்க சார். அப்படியே இருக்கட்டும்."

நல்ல பொண்ணு, நம்மைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறது என்று அவர் மனம் நெகிழ்ந்தது. நெகிழ்ந்த கையோடு பராமரிப்புப் பிரிவில் ஒரு உருட்டு அரம் வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஓட்டையை ராவினார். ராவியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

மாலைப் பயிற்சியில் அது தெரிந்தது. கையைப் பின்னால் வீசி முன்னால் கொண்டுவருவதற்குள் பந்து பின்னாலேயே கழன்றது. பின்னால் விற்பனை மேலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அணியிலேயே நன்றாக ஆடுகிறவர் அவர்தான். ஆஸ்பத்திரியில் அவருடைய கால் கட்டைவிரலுக்கு ஆறு வாரம் ஓய்வு சொன்னார்கள்.

"கடைக்காரன் செஞ்ச தப்பு எவ்வளவு தூரம் போகுது பாருங்க," என்று டிஸ்பாட்ச்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரிடமும் சொன்னார். விற்பனை மேலாளர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றே டிஸ்பாட்ச்காரர் புகார் எழுதினார். ஒரு கைக்கு எடுத்த அளவு இன்னொரு கைக்குப் போனது எப்படி, பொறுப்பு யார், எழுத்தில் பதில் தேவை. கடைக்கு ஒன்று, ஜி.எம்.முக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. ஜி.எம். கூப்பிட்டு அனுப்பினார்.

"இதை இவ்வளவு பெருசாக்கணுமா?"

"சார், பத்தொம்பது வருஷத்துல என் கையால ஒரு பெட்டி விலாசம் மாறிப் போனதில்ல. எங்க மாறுச்சுன்னு காகிதத்தை வெச்சே பிடிச்சிடுவேன்."

"பிடிக்க வேண்டாம்னு சொல்றேன்."

"அது உங்க பெருந்தன்மை சார். ஆனா கடைக்காரனை விடக் கூடாது."

ஜி.எம். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் திடீரென்று.

"சௌக்கியம் சார். பத்தாந்தேதி எல்லாரும் வர்றாங்க. உங்களைப் பாக்கணும்னு என் சம்சாரத்துக்கு ரொம்ப நாளா ஆசை."

ஜி.எம். சரி போங்க என்று கையை மட்டும் அசைத்தார்.

பௌலிங் அரங்கத்தின் வாசலிலேயே, பந்துகளுக்குத் துளை போட்ட அந்தக் கடை. முதலாளி புகார்க் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துப்போயிருந்தார். குழாய்க் கம்பெனி போய்விட்டால் அவருக்குப் பாதி வியாபாரம் போய்விடும்.

"எல்லாம் இந்தம்மா வேலை சார்," என்று துளைபோடும் இயந்திரத்தின் அருகே நின்ற பெண்ணைக் காட்டினார். "பழைய ஓட்டையை அடைச்சு, உங்க கைக்கே மறுபடி போட்டுத் தரச் சொல்றேன். அதோட இவளைக் கணக்கு தீர்த்து அனுப்பிடறேன். திருப்திதானே?"

அந்தப் பெண் டிஸ்பாட்ச்காரரிடம் வந்தாள். அவர் கையை வாங்கி விரித்து, ஒவ்வொரு விரலாக அளந்தாள். ஓட்டைகளில் பிசின் ஊற்றி அடைத்தாள். அது இறுக ஒரு நாள் ஆகும் என்றாள்.

மறுநாள் அவர் போனபோது பந்து தயாராக இருந்தது. விரல்களை விட்டார். மூன்றும் சொந்த வீட்டுக்குள் போவதுபோலப் போயின, கேட்டதும் வந்தன. எடை இருந்ததே தெரியவில்லை. ஒரு தடவை வீசிப் பார்த்தார். வாசலில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். இத்தனை நாள் அலைந்த கோபமெல்லாம் வடிந்து, கண்ணே கலங்கிவிட்டது.

"இதை முதல்லயே இப்படிச் செஞ்சிருந்தா ஒருத்தருக்கும் தொல்லை இல்லையேம்மா," என்றார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "அளவு மாறினது என் தவறுன்னு இதுல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. ஃபைலை முடிக்கணும். உன்னை வேலையை விட்டு எடுக்க வேணாம்னு நானே முதலாளிகிட்ட சொல்றேன். வேலை போறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

முதலாளி அவசரமாகக் குறுக்கே வந்தார். "அதெல்லாம் எதுக்கு சார், விடுங்க. நீ உள்ள போம்மா."

அவள் போகவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு அளவுக் கார்டுகளை எடுத்தாள். முதல் கார்டில் நான்கு மாதங்களுக்கு முந்தைய தேதி, அவருடைய விரல்கள், குறுக்கே சிவப்பில் ஒரு கோடு. இரண்டாவது போன மாதத்துக் கார்டு.

"யாரோடது இது?" என்றார் டிஸ்பாட்ச்காரர், உற்சாகமாக. "பாத்தீங்களா, காகிதம் இருக்கும்னு நான் சொன்னேன்ல?"

அவள் அவர் நீட்டிய தாளை மடித்து அவர் கையிலேயே வைத்தாள்.

"என் மேல தப்பு இல்ல சார். வர்ற ஒண்ணாந்தேதிலேர்ந்து உங்க சீட்ல உக்காரப்போறவர்னு சொல்லி உங்க எச்.ஆர். மேடமே ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க, அவர் கைக்குத்தான் போட்டேன்."